அமெரிக்கக் கால்பந்தில் அஃபென்சிவ் லைன்மேன்: வேலை, சம்பளம், உடம்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஃபென்சிவ் லைன்மேன் என்பவர் யார்?

பந்து கையில் இருக்கும் அணியின் 11 பேரில், முன்வரிசையின் நடுவே தோளை ஒட்டித் தோளாக நிற்கும் ஐந்து பேரில் ஒருவர். நட்டநடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அதற்கும் வெளியே டேக்கிள். இவர்கள் பந்தை வீசுவதில்லை, தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. பந்தை வீசுபவர் குவாட்டர்பேக். அவர் அதை வீச ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று நொடி வேண்டும். அந்த நொடிகளை அவருக்குச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் இவர்கள் தொழில். ஓட்ட ஆட்டம் என்றால் பந்தோடு வருபவருக்கு வழி திறந்துவிட வேண்டும். ஒரு மேட்சில் இப்படி 60 முதல் 70 தடவை. ஒவ்வொன்றும் ஐந்தாறு நொடியில் முடிந்துவிடும், ஆனால் ஒவ்வொன்றிலும் எதிரே ஒரு முழு ஆள் முழு வேகத்தில் மோதுவான்.

ஐந்து பேருக்கும் ஒரே வேலைதானே?

இல்லை. டேக்கிள் ஓரத்தில் தனியாக நிற்கிறார். அவருக்கு வெளியே உதவிக்கு ஆள் இல்லை. எதிரணியின் வேகமான ஆட்கள் அந்த வழியாகத்தான் வளைந்து வருவார்கள். அதனால் நீண்ட கை, விரைவான கால், உயரம் தேவை. கார்டுக்கு இடம் குறைவு, எதிராளி ஓர் எட்டுத் தொலைவில் நிற்கிறான். அங்கே இடுப்பு பலமும் தாழ்ந்து நிற்கும் திறமையும் பேசும். சென்டர் ஒரு கையால் பந்தை அனுப்பிவிட்டு அதே கணத்தில் 140 கிலோ ஆளைத் தடுக்க வேண்டும். அதற்கும் முன்பு எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, அவர்கள் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் யார் என்று விரல் நீட்டி அறிவித்து, யார் யாரைத் தடுப்பது என்பதை நான்கு பேருக்கும் சொல்லியாக வேண்டும். வரிசையின் மூளை அவர்தான்.

வலது கையால் வீசும் குவாட்டர்பேக்குக்கு இடப்பக்கம் முதுகுப் பக்கம். வருபவன் அவர் கண்ணில் படமாட்டான். அதனால்தான் இடது டேக்கிளுக்கு நெடுங்காலமாகத் தனி மதிப்பு. இப்போது எதிரணிகள் தங்கள் சிறந்த ஆளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நிறுத்துவதால் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. 2024-இல் டெட்ராய்ட் லயன்ஸின் பெனெய் சூவெல் நான்கு ஆண்டுக்கு 112 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டபோது, அவர் வலது டேக்கிள்.

உயரமும் எடையும் எவ்வளவு வேண்டும்?

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அளவில் எடை பெரும்பாலும் 300 பவுண்டுக்கு மேல், அதாவது 136 கிலோவுக்கு மேல். உயரம் 6 அடி 3 அங்குலத்தில் தொடங்கும், டேக்கிள் என்றால் 6 அடி 5, 6 அங்குலம் சாதாரணம். சென்டர்களில் விலக்கு உண்டு. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஜேசன் கெல்சி டிராஃப்டுக்கு (புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்தபோது 280 பவுண்டுதான். அதனாலேயே 2011-இல் ஆறாவது சுற்று வரை யாரும் அவரைத் தொடவில்லை. 13 சீசன் ஆடி சீசனின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்கு ஏழு முறை தேர்வானார்.

டேக்கிளுக்குக் கையின் நீளம் தனிக் கணக்கு. தோள் எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளப்பார்கள். 34 அங்குலம் என்பது எழுதப்படாத எல்லைக்கோடு. காரணம் எளிது: கை நீளமானவன் முதலில் தொடுகிறான், முதலில் தொட்டவன் தூரத்தைத் தீர்மானிக்கிறான். ஆனால் இந்தக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ரஷான் ஸ்லேட்டரின் கை 33 அங்குலம். 2021-இல் 13-ஆவது தேர்வாகச் சார்ஜர்ஸ் அணி எடுத்தது, 2025-இல் நான்கு ஆண்டுக்கு 114 மில்லியன் கொடுத்தது. குறைந்த நீளத்தை அவர் காலால் ஈடுகட்டினார்.

பந்து வீச்சின்போது தடுப்பது எப்படி? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

டேக்கிளை வைத்துச் சொல்வதுதான் தெளிவு.

முதலில் நிலை. கால்கள் தோள் அகலத்தைவிடச் சற்று அதிகம், முழங்கால் மடிந்து, முதுகு நேராக, எடை பாதங்களின் உள்விளிம்பில். எடை குதிகாலுக்குப் போய்விட்டால் முதல் தள்ளிலேயே பின்னால் சரிவீர்கள். விரல் நுனிக்குப் போனால் முன்னால் விழுவீர்கள்.

ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் அனுப்பியதும், வெளிக்கால் பின்னோக்கிச் சாய்வாக நகரும், உள்கால் அதே அளவு பின்தொடரும். இதற்குக் கிக் ஸ்லைட் என்று பெயர். இரண்டு கால்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது, குறுக்கே போகவே கூடாது. கால்கள் சேரும் கணத்தில்தான் எதிராளி தாக்குவான். அப்போது உங்களுக்கு அடித்தளமே இல்லை. தலை ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் போக வேண்டும். பழைய பயிற்சியாளர்கள் தலைக்கு மேல் கம்பு கட்டி, தாழ்ந்தபடி நகரப் பழக்குவது இதற்காகத்தான்.

எங்கே போய் நிற்பது என்பது அடுத்தது. எதிராளிக்கு நேர் எதிரே நின்றால் இரண்டு வழியும் அவனுக்குத் திறந்திருக்கும். உங்கள் உடம்பின் நடுக்கோடு அவனுடைய உள்தோளுக்கு நேராக இருக்க வேண்டும். அப்போது உள்வழி மூடியிருக்கும். வெளிவழியாகச் சுற்றிப் போகட்டும், அது நீண்ட வழி. நொடி உங்கள் பக்கம்.

பிறகு கை. முழங்கை விலாவை ஒட்டி, பெருவிரல் மேல்நோக்கி, இலக்கு அவன் நெஞ்சுக் கவசம். கை கொடுப்பது தாமதமானாலும் தப்பு, முந்தினாலும் தப்பு. கை எட்டும் தூரத்துக்கு அவன் வந்த அந்தக் கணத்தில்தான். இப்போது பலர் இரண்டு கையையும் சேர்த்துக் குத்துவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால், ஒரு கையைத் தட்டிவிட்டாலும் இன்னொன்று மிஞ்சும்.

கடைசியில் நங்கூரம். எதிராளி வளையாமல் நேரே நெஞ்சில் மோதித் தள்ளினால், இடுப்பைத் தாழ்த்தி, சிறு துள்ளலாகப் பின்னால் ஒரு தடவை, இன்னொரு தடவை குதித்துக் காலை மறுபடி ஊன்ற வேண்டும். ஓர் அடி, இரண்டு அடி விட்டுக்கொடுப்பது தோல்வி அல்ல. ஐந்தாவது அடியில் குவாட்டர்பேக்கின் மடியில் போய் விழுவதுதான் தோல்வி.

பெரும்பாலும் எங்கே தவறுகிறது?

அதிகம் பார்க்கும் பிழை இடுப்பிலிருந்து குனிவது. முழங்கால் மடிவதற்குப் பதில் இடுப்பு மடிகிறது, தலை முன்னால் போகிறது. எதிராளி கையைக் கீழ்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் போதும், 140 கிலோ ஆள் முகம் குப்புற விழுவார். இதன் வேர் பல நேரம் கணுக்காலில் இருக்கிறது. கணுக்கால் வளையாதவனுக்கு முழங்கால் மடியாது, முழங்கால் மடியாதவன் இடுப்பில்தான் குனிவான். அவனிடம் ‘தாழ்ந்து நில்’ என்று நூறு முறை கத்துவதைவிடக் கணுக்கால் நெகிழ்வுப் பயிற்சி தருவது பயன்.

அடுத்தது, வெளிவேகத்துக்குப் பயந்து அளவுக்கு மீறி வெளியே ஓடுவது. எதிராளி மூன்று தடவை வெளியே ஓடிக்காட்டி, நான்காவது தடவை உள்ளே திரும்புவான். உள்வழி குறுகியது, உதவிக்குக் கார்டும் வேறு ஆளைப் பிடித்திருப்பார். பயிற்சியாளர்கள் மன்னிக்காத பிழை இது.

மூன்றாவது, எதிரணி இரண்டு பேர் வழி மாற்றிக்கொள்ளும் தந்திரம். டேக்கிளின் ஆள் உள்ளே பாய்வான், கார்டின் ஆள் அவனுக்குப் பின்னால் சுற்றி வெளியே வருவான். டேக்கிளும் கார்டும் ஒரே ஆழத்தில் நின்றால் ஆட்களைக் கைமாற்றிக்கொள்ளலாம். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே நின்றால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள், நடுவே வாசல் திறக்கும். இந்தத் தந்திரம் தனித்திறமையை வீழ்த்துவதைவிட, சேர்ந்து ஆடிப் பழகாத வரிசையைத்தான் வீழ்த்துகிறது. காயத்தால் ஒரே ஓர் ஆள் மாறியதும் நல்ல வரிசை தடுமாறுவது இதனால்தான்.

ஓட்ட ஆட்டத்தில் என்ன வேறுபாடு?

அங்கே பின்வாங்கல் இல்லை, முன்னேற்றம். முதல் காலடி ஆறு அங்குலம்தான், நீட்டி வைக்கக் கூடாது. மோதல் நடக்கும்முன் இரண்டாவது கால் தரையில் இருக்க வேண்டும். ஒரு கால் காற்றில் இருக்கும்போது மோதினால், மேல் உடம்பு எவ்வளவு பலமானாலும் தூக்கியெறியப்படுவீர்கள். அதோடு தாழ்ந்தவன் ஜெயிப்பான். இருவரின் தோள்கவசங்களில் எது கீழே இருக்கிறதோ அது மற்றதைத் தூக்கும்.

இன்று பரவலாக உள்ள ஸோன் முறையில் ஆளுக்கு ஆள் என்று பிரிப்பதில்லை. ஐந்து பேரும் ஒரே திசையில் நகர்ந்து அவரவர் பகுதியில் வருபவனைப் பிடிக்கிறார்கள். இருவர் சேர்ந்து முன்னால் இருப்பவனைத் தள்ளிக்கொண்டே, கண்ணைப் பின்னால் உள்ள லைன்பேக்கர்மீது வைத்திருப்பார்கள். அவன் எந்தப் பக்கம் வருகிறானோ அந்தப் பக்கத்தவர் விடுபட்டு அவனைப் பிடிக்க வேண்டும். சீக்கிரம் விட்டால் முன்னால் இருப்பவன் நுழைந்துவிடுவான். தாமதித்தால் லைன்பேக்கர் ஓட்டக்காரரை அடித்துவிடுவான். 1990-களில் டென்வர் பிராங்கோஸில் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் இதை நுணுக்கமாக வளர்த்தார்.

ஹோல்டிங் என்று அடிக்கடி கொடி விழுகிறதே, எதற்கு?

எதிராளியைப் பிடித்து அவன் போகும் திசையைத் தடுத்தால் ஹோல்டிங். தண்டனை 10 கஜம் பின்னால். நெஞ்சின் சட்டகத்துக்குள் கை இருந்து, அவன் திரும்பும்போது விட்டுவிட்டால் நடுவர் பெரும்பாலும் கொடி எறியமாட்டார். கை தோளுக்கு வெளியே போய், அவன் சட்டை இழுபட்டு, தோள் திரும்புவது தெரிந்தால் எறிவார். கால் தோற்றுப்போனவன் கையால் பிடிக்கிறான்; ஹோல்டிங்கின் காரணம் பெரும்பாலும் கையில் இல்லை. சொந்த எண்ட் ஸோனுக்குள் (மைதானக் கடைசியில் உள்ள புள்ளிப் பகுதி) பிடித்தால் எதிரணிக்கு நேராக 2 புள்ளி.

ஸ்னாப்புக்கு முன் அசைந்தால் 5 கஜம். பாஸ் வீசப்படும் முன் லைன்மேன் பந்து இருந்த கோட்டைத் தாண்டி ஒரு கஜத்துக்கு மேல் போனால் 5 கஜம். ஒருவர் மேலே பிடித்திருக்க இன்னொருவர் முழங்காலைத் தாக்கும் சாப் பிளாக்குக்கு 15 கஜம், என்.எஃப்.எல். அதன் எல்லா வடிவத்தையும் 2016-இல் தடைசெய்தது. கைகளை நீட்டி, உள்ளங்கை திறந்து தடுக்கும் உரிமையே 1978-இல் வந்ததுதான். அதற்கு முன் பாஸைத் தடுக்கும்போது முழங்கையை மடக்கியே முட்டினார்கள்.

லைன்மேன் பந்தைப் பிடிக்கவே கூடாதா?

50 முதல் 79 வரை எண் அணிந்தவருக்கு முன்னோக்கி வீசிய பந்தைப் பிடிக்கத் தகுதி இல்லை. ஆனால் அந்தப் பிளேவுக்கு (ஒரு ஸ்னாப்பில் தொடங்கி முடியும் ஆட்டத் துண்டு) முன் நடுவரிடம் போய்த் தகுதி கேட்டுப் பதிவு செய்யலாம். நடுவர் அதை அறிவிப்பார். இது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 டிசம்பர் 30 சாட்சி. டல்லஸில் லயன்ஸின் 68-ஆம் எண் டெய்லர் டெக்கர் இரண்டு புள்ளிப் பந்தைப் பிடித்தார். நடுவர் குழுவோ 70-ஆம் எண் டான் ஸ்கிப்பர்தான் தகுதி பெற்றவர் என்று அறிவித்திருந்தது. புள்ளி செல்லவில்லை, லயன்ஸ் 20-19 என்று தோற்றது.

எழுபதாயிரம் பேர் கத்தும்போது ஸ்னாப் எப்போது என்று எப்படித் தெரிகிறது?

தெரியாது, பார்க்க வேண்டும். சென்டர் தலையைக் குனிந்து தன் காலிடுக்கு வழியே குவாட்டர்பேக்கைப் பார்ப்பார், அல்லது கார்டு திரும்பிப் பார்த்துச் சென்டரைத் தட்டுவார். சென்டர் தலையை நிமிர்த்தி ஒரு துடிப்பு விட்டுப் பந்தை அனுப்புவார். மற்றவர்கள் தலையசைவையோ பந்தையோ ஓரக்கண்ணால் பார்த்துக் கிளம்புகிறார்கள். எதிராளியும் அதே தலையசைவைப் பார்க்கிறான். தட்டலுக்கும் ஸ்னாப்புக்கும் இடையே உள்ள துடிப்பை அவ்வப்போது மாற்றாவிட்டால், மூன்றாம் கால்பகுதிக்குள் அவன் உங்களோடு சேர்ந்தே கிளம்பிவிடுவான்.

இந்தத் தொழிலுக்குள் எப்படி நுழைகிறார்கள்?

உயர்நிலைப் பள்ளி, பிறகு கல்லூரி, பிறகு டிராஃப்ட். பள்ளிப்படிப்பு முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் டிராஃப்டுக்கு வர முடியாது. பள்ளியில் மல்யுத்தமும் குண்டு எறிதலும் செய்தவர்களைக் கல்லூரிகள் தேடிப்போகின்றன. தாழ்ந்து நின்று ஒருவரின் எடையை உணரும் பழக்கம் அங்கே வந்துவிடுகிறது. டாம்பா பே அணியின் டிரிஸ்டன் வர்ஃப்ஸ் அயோவா மாநிலத்தில் கனரகப் பிரிவில் பள்ளி மல்யுத்தச் சாம்பியன். 2024-இல் அவர் போட்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு 140 மில்லியன் டாலருக்கு மேல்.

கல்லூரியில் முதல் ஆண்டு மேட்ச் ஆடாமல் உடம்பை மட்டும் வளர்ப்பது வழக்கம். 18 வயதில் 120 கிலோவாக வருபவன் மூன்று ஆண்டில் 140 ஆக வேண்டும், கால் வேகம் குறையாமல். அவசரமாக ஏற்றிய எடை வயிற்றில்தான் தங்கும். தொடையிலும் இடுப்பிலும் தங்க நாள் பிடிக்கும்.

கம்பைன் தேர்வில் என்ன பார்க்கிறார்கள்?

டிராஃப்டுக்கு வருபவர்களை அணிகள் சோதிக்கும் தேர்வு இது, ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸில் நடக்கிறது. 40 கஜ ஓட்டம், 225 பவுண்டு எடையை மார்பிலிருந்து எத்தனை தடவை தூக்குகிறார், நின்ற இடத்திலிருந்து உயரத் தாண்டல், நீளத் தாண்டல், திசை மாற்றும் ஓட்டங்கள். லைன்மேன் வாழ்நாளில் 40 கஜம் ஓட வேண்டியது அரிது. அதில் முதல் 10 கஜ நேரத்தையும், நீளத் தாண்டலையும், திசை மாற்றத்தையும்தான் அறிந்தவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் டிவியில் வருவதில்லை; பலரின் இடம் சரிவது அங்கேதான். டிரே ஸ்மித் கல்லூரியில் இருந்தபோது நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு உண்டு. அதனால் 2021-இல் ஆறாவது சுற்று வரை காத்திருந்தார். கான்சஸ் சிட்டி சீஃப்ஸில் முதல் ஆண்டே இடம்பிடித்து, 2025-இல் நான்கு ஆண்டுக்கு 94 மில்லியன் டாலர் பெற்றார்.

வேறு இடத்திலிருந்தோ வேறு விளையாட்டிலிருந்தோ வர முடியுமா?

முடியும், மற்ற இடங்களைவிட இங்கே வழி அதிகம். ஜேசன் பீட்டர்ஸ் கல்லூரியில் டைட் எண்ட், அதாவது வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர். 2004-இல் யாரும் டிராஃப்டில் எடுக்கவில்லை. டேக்கிளாக மாறி ஒன்பது புரோ பவுல். இன்னொரு டேக்கிளான லேன் ஜான்சன் இளநிலைக் கல்லூரியில் குவாட்டர்பேக்காக இருந்தவர்.

எல்லோரையும்விட வியப்பு ஜோர்டன் மைலாட்டா. சிட்னியில் ரக்பி லீக் ஆடியவர், 6 அடி 8 அங்குலம். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு மேட்ச்கூட ஆடாமல், என்.எஃப்.எல்.லின் பன்னாட்டு வீரர் திட்டத்தில் ஃபுளோரிடாவில் பயிற்சி பெற்று, 2018-இல் ஏழாவது சுற்றில் 233-ஆவது ஆளாக ஈகிள்ஸுக்குப் போனார். இரண்டு சீசன் மேட்சில் இறங்கவே இல்லை. 2025 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்ற அணியின் இடது டேக்கிள் அவர். இதைப் படித்துவிட்டு உடம்பு இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு ஆண்டுகள் ஒரு நல்ல பயிற்சியாளர் அவருடைய கால்களை அங்குலம் அங்குலமாகத் திருத்தினார், அணியும் பொறுத்திருந்தது. அந்தப் பொறுமை எல்லா அணியிலும் கிடைக்காது.

சம்பளம் எவ்வளவு?

மேலே சொன்ன பெருந்தொகைகள் உச்சியில் இருக்கும் சிலருக்கு. 2025-இல் புது வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். அதே ஆண்டு பயிற்சிக் குழுவில் இருந்த இளையவருக்கு வாரம் 13,000 டாலர், அதுவும் அந்த வாரம் அணி வைத்திருந்தால். டிராஃப்டில் எடுக்கப்பட்டவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், தொகை அவர் எடுக்கப்பட்ட வரிசையைப் பொறுத்து ஏறக்குறைய முன்பே தீர்மானமாகிவிட்டது. முதல் சுற்று என்றால் ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமை அணியின் கையில். டிராஃப்டில் வராதவருக்கு மூன்று ஆண்டு. ஏஜென்டுக்கு அதிகபட்சம் 3 சதவீதம். வரியும் உண்டு, சொந்த மாநிலத்துக்கு மட்டுமல்ல, மேட்ச் ஆடப்போகும் பல மாநிலங்களுக்கும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய எண் மொத்தத் தொகை அல்ல, உத்தரவாதத் தொகை. ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் உத்தரவாதம் இல்லாத ஆண்டுகளில் அணி ஒருநாள் காலையில் விடுவித்துவிடலாம். மேலே சொன்ன ஸ்லேட்டர் 2025 ஜூலையில் கையெழுத்திட்டார்; ஆகஸ்டில் பயிற்சி முகாமில் முழங்கால் தசைநார் கிழிந்து சீசனையே இழந்தார். அந்தக் கையெழுத்து இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இடத்துக்கு இடம் விலையும் வேறு. டேக்கிள் மேலே, அடுத்து கார்டு, பிறகு சென்டர். 2024-இல் கிரீட் ஹம்ஃப்ரி சென்டர்களில் உச்சமாக நான்கு ஆண்டுக்கு 72 மில்லியன் பெற்றார். வரிசைக்கே மூளையான ஆளுக்கு அது குறைவு என்பதே எங்கள் கருத்து.

நட்சத்திரம் இல்லாதவர் எப்படி நிலைக்கிறார்?

ஒன்றுக்கு மேற்பட்ட இடம் ஆடத் தெரிந்து. ஆகஸ்ட் முகாமில் 90 பேர், இறுதியில் 53 பேர். எட்டு அஃபென்சிவ் லைன்மேன்களைத் தயார் நிலையில் வைத்தால்தான் மேட்ச் அன்று 48 பேரை இறக்க அனுமதி, இல்லையென்றால் 47. அந்த எட்டில் மூன்று இடம் மாற்றாட்களுக்கு. ஒருவர் இரண்டு டேக்கிளும் ஆட வேண்டும், இன்னொருவர் சென்டரும் கார்டும். வலது மட்டுமே தெரிந்த மாற்றாளுக்கு வேலை கிடைப்பது கடினம். பக்கம் மாறினால் எந்தக் கால் முன்னே, எந்தக் கை முதலில் என்பதெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாகும். கோடையிலேயே இரண்டு பக்கமும் பழகுங்கள். பயிற்சிக்குப் பின் ஐம்பது ஸ்னாப்பாவது அனுப்பிப் பழகுங்கள். சென்டருக்கு அடிபட்டால் கூப்பிடப்படுபவர் நீங்களாக இருக்க வேண்டும்.

வாரம் எப்படிப் போகும்?

ஞாயிறு மேட்ச் என்றால் திங்கள் வீடியோ பார்த்துக் குறை கண்டறிதல், சிகிச்சை. செவ்வாய் விடுப்பு, ஆனால் பலர் எதிராளியின் பழைய பிளேக்களைப் பார்ப்பார்கள். புதனன்று முதல் இரண்டு டவுனுக்கான திட்டம் (10 கஜம் முன்னேறத் தரப்படும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்), வியாழன் மூன்றாம் டவுன், வெள்ளி கோல் அருகிலான ஆட்டம், சனி மெதுவான ஒத்திகை, பயணம். 17 மேட்ச் கொண்ட சீசனில் முழுக்கவசப் பயிற்சிக்கு 14 நாள்தான் அனுமதி. உடம்புக்கு நல்லது. ஆனால் மோதிப் பழக வேண்டிய இளம் லைன்மேன்களுக்கு இது உண்மையான இழப்பு. முன்பு பயிற்சியில் கற்றதை இப்போது மேட்சில் அடிபட்டுக் கற்கிறார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார்கள்?

5,000 முதல் 6,000 கலோரி, ஐந்தாறு வேளையாக. சாப்பிடுவது பலருக்கு இன்பமல்ல, கடமை. ஒரு பயிற்சியில் மூன்று கிலோ வியர்வையாகப் போய்விடும் என்பதால் முன்னும் பின்னும் எடை பார்த்து, இழந்ததைத் தண்ணீரும் உப்பும் சேர்த்து ஈடுகட்டுவார்கள்.

வெயிலை அலட்சியம் செய்யக் கூடாது. மினசோட்டா வைக்கிங்ஸின் டேக்கிள் கோரி ஸ்ட்ரிங்கர் 2001 ஆகஸ்ட் 1 அன்று, முகாமில் ஏற்பட்ட வெப்பத் தாக்கத்தால் 27 வயதில் இறந்தார். பெரிய உடம்பு சூட்டை வெளியேற்ற நேரம் எடுக்கும், கவசம் அதை மேலும் பூட்டும். தடுமாற்றம், குழப்பமான பேச்சு தெரிந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, உடனே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். உயிரைக் காப்பது முதல் அரை மணி நேரம்.

எந்தக் காயங்கள் அதிகம்?

முழங்காலின் உட்பக்கத் தசைநார்தான் முதலில். ஓடிவந்து தாக்கியவனால் அல்ல, பக்கத்தில் விழுந்த சொந்த அணிக்காரரின் உடம்பு காலில் உருண்டு வருவதால். இதனால்தான் பலர் இரண்டு முழங்காலிலும் உலோகக் கீல் பட்டை அணிகிறார்கள். பிளே முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை ஊன்றி வேடிக்கை பார்ப்பவருக்கே இது அதிகம் நேர்கிறது. விசில் வரை காலை அசைத்துக்கொண்டிருங்கள். அடுத்து கணுக்கால் சுளுக்கு, தோள் மூட்டு, முதுகு வட்டு, பின்கைத் தசை. விரல் எலும்பு பிசகுவதைக் காயம் என்றே யாரும் கணக்கிடுவதில்லை. இரண்டு விரலைச் சேர்த்து டேப் சுற்றி அடுத்த பிளேவுக்குப் போவார்கள். தோள்கவசத்தோடு சட்டையை இருபக்க டேப் வைத்து ஒட்டுவதும் ஒரு தற்காப்பு: எதிராளி பிடித்திழுக்கத் துணி கிடைக்காது.

தலைக்கு ஆபத்து எவ்வளவு?

பெரிது. பெரிய அடிகளைவிட, ஒவ்வொரு பிளேவிலும் நெற்றியில் விழும் சிறு அடிகள்தான் லைன்மேனின் கவலை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர் மைக் வெப்ஸ்டர் 17 சீசன் ஆடினார், நான்கு சூப்பர் பவுல் வென்றார். ஓய்வுக்குப் பின் நினைவும் மனமும் சிதைந்து 2002-இல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த டாக்டர் பென்னட் ஓமாலு 2005-இல் வெளியிட்ட கட்டுரைதான் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவை இந்த ஆட்டத்தோடு இணைத்தது. 2022-இல் முகாம் பயிற்சியில் லைன்மேன்கள் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை உறை அணிவது கட்டாயமானது. ஆனால் மெய்யான பாதுகாப்பு, தலையால் முட்டாமல் கையால் முந்துவது. தலை சுற்றலை மறைத்து ஆடாதீர்கள். ஆறாத மூளைமேல் விழும் இரண்டாவது அடி முதலடியைவிடக் கொடியது.

எத்தனை வயதுவரை ஆடலாம்?

எல்லா வீரர்களையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று ஆண்டுகளைத் தாண்டுவதே சாதனை. நிலைத்துவிட்ட லைன்மேன் 33, 34 வரை போவார். ஆண்ட்ரூ விட்வர்த் 2022 பிப்ரவரியில் 40 வயதில் ராம்ஸ் அணியின் இடது டேக்கிளாகச் சூப்பர் பவுல் வென்று ஓய்வு பெற்றார். புரூஸ் மாத்யூஸ் 1983 முதல் 2001 வரை 19 சீசன், 296 மேட்ச், ஐந்து இடங்களிலும். கிளீவ்லண்ட் பிரவுன்ஸின் ஜோ தாமஸ் 2007-இல் முதல் நாள் தொடங்கி ஒரு பிளேகூட விடாமல் 10,363 ஸ்னாப் ஆடினார். 2017 அக்டோபரில் பின்கைத் தசை கிழிந்தபோதுதான் முதன்முறையாக வெளியே வந்தார். அவர் ஆடிய காலத்தில், சீசனுக்குப் பின் நடக்கும் பிளேஆஃபை ஒருமுறைகூட எட்டாத அணியில் அந்த உழைப்பு. 2023-இல் ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்றது.

ஓய்வுக்குப் பின் என்ன?

மூன்று தகுதி சீசன் முடித்திருந்தால் ஓய்வூதிய உரிமையும், ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு மருத்துவக் காப்பீடும் உண்டு. ஒரு சீசன் கணக்கில் ஏற மூன்று மேட்ச் சம்பளப் பட்டியலில் இருந்தால் போதும். இரண்டு சீசனில் நிற்பவர் அந்த மூன்று மேட்சுக்காகக் குறைந்த சம்பளத்துக்கும் ஒப்புக்கொள்வது புத்திசாலித்தனம்.

படிப்பை விடாதவர்களும் இருக்கிறார்கள். சீஃப்ஸின் கார்டு லோரன்ட் டுவெர்னே-டார்டிஃப் ஆடிக்கொண்டே மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2018-இல் மருத்துவர் பட்டம் முடித்தார். 2020 சீசனை விட்டுவிட்டு கியூபெக்கில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணியாற்றினார். ரேவன்ஸின் ஜான் அர்ஷல் 2017-இல் ஓய்வு பெற்று எம்.ஐ.டி.யில் கணித முனைவரானார்.

எல்லோருக்கும் பொதுவான முதல் வேலை எடையைக் குறைப்பது. ரத்த அழுத்தமும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இந்த உடம்புக்கு வழக்கமான நோய்கள். ஜோ தாமஸ் 50 பவுண்டுக்கு மேல் குறைத்து, பார்த்தவர் அடையாளம் காண முடியாதபடி ஆனார். பெரும்பாலும் முதல் படி, பசிக்காதபோது சாப்பிடுவதை நிறுத்துவது. அப்படிச் சாப்பிட்டது இருபது ஆண்டுக் கடமை. தூக்கிய எடைப்பயிற்சியைப் பாதியாக்கி, முழங்காலை நோகடிக்காத நீச்சலும் சைக்கிளும் சேர்க்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தூக்கப் பரிசோதனை, இதயப் பரிசோதனை இரண்டையும் முடித்துவிடுங்கள், காப்பீடு கையில் இருக்கும்போதே.